பயனாளி யாரும் இல்லை

துறை அலுவலகத்துப் பெஞ்சில் காலை முழுவதும் உட்கார்ந்துவிட்டு, "ஆய்வு முடியட்டும்மா, அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்ற ஒரே பதிலோடு அக்கா திரும்பி வந்தபோது கூடத்துக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் என்ன ஏது என்று கேட்டு அவளும் சிரித்திருப்பாள். அன்று எரிச்சல்தான் வந்தது.

கூடம் என்பது முன்பு டயர் கடையாக இருந்த இடம். ஏற்றி இறக்கும் ஷட்டர், சிமெண்டுத் தரை, எத்தனை முறை கழுவினாலும் போகாத ரப்பர் வாசனை. படிக்கட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நடக்கப் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளத் தண்ணீர்க் குழாயை வெட்டி வெல்டிங் செய்த இரண்டு கம்பிகள், எதிரே ஆளுயரக் கண்ணாடி, ஒரு மூலையில் தையல் மெஷின், இன்னொரு மூலையில் அவள் தம்பி சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. முதுகெலும்பு அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பிறந்ததிலிருந்தே கால் வராதவர்கள் என்று பலரும் அங்கே வந்துபோனார்கள். கூடத்தை நடத்தும் தொண்டு அமைப்புக்கு அவள்தான் பொறுப்பாளர். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"என்னடா கூத்து இங்க?" என்றாள் தம்பியிடம்.

அவன் தன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே இன்னொரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு டியூபை உருவிக்கொண்டிருந்தான். "நீ ஆபீசரைத் தேடி அங்க போன. ஆபீசர் உன்னைத் தேடி இங்க வந்துட்டுப் போறாரு."

"யாரு? ஆய்வுக்கா? சொல்லாமலா?"

"சொல்லாமதான் வருவாங்களாம். உள்ள வந்தாரு, சுத்திப் பாத்தாரு. 'இங்க பயனாளிங்க எத்தனை பேரு'ன்னாரு. ஒருத்தரும் இல்ல சார்னு சொல்லிட்டேன்."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டாள். "என்னையும் கேட்டாரு அக்கா. நீங்க பயனாளியாம்மான்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! நான் தையல்காரி, வேணும்னா அளவு கொடுத்துட்டுப் போங்கன்னேன்."

"வாத்தியார்தான் பிரமாதம்" என்றான் தம்பி. "ஆபீசர் முகத்துக்கு நேரா 'தப்பு!'ன்னாரு."

கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியார் பெருமையோடு வலது கையை உயர்த்தினார். இடது கை மடியில் கிடந்தது.

"அவரு என்ன பண்ணாரு?" அக்காவின் குரல் அடங்கியிருந்தது.

"எழுதிக்கிட்டாரு."

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தக் கம்பியைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சொல் அங்கே விலக்கப்பட்டதற்கு ஒரு கதை உண்டு. அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் இடத்தில் வேலை பார்த்தவள். கட்டட வேலைக்குப் போன தம்பி சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனபோது அவனுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. மறு வருடம் ஒரு விழாவில் இலவசச் சக்கர நாற்காலி கொடுப்பதாகச் சொன்னார்கள். அவள்தான் அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கூட்டிப்போனாள். "பயனாளிகள் எல்லாம் இந்தப் பக்கம்" என்று மைக்கில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பியைத் தூக்கிப் புது நாற்காலியில் வைத்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் அதன் கைப்பிடியைத் தொட்டார். போட்டோ எடுத்தார்கள். எடுத்ததும் அவனை இறக்கித் தரையில் விட்டுவிட்டு அடுத்தவரைத் தூக்கி அதே நாற்காலியில் வைத்தார்கள். அன்று இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். மற்றவை சில மாதம் கழித்து வந்தன. தம்பிக்கு வந்ததில் ஒரு சக்கரம் கோணல். அதை நிமிர்த்தப்போய்த்தான் அவன் மெக்கானிக் ஆனான்.

கூடம் தொடங்கிய அன்றே அக்கா ஒரு சட்டம் போட்டாள். அந்த வார்த்தையை உள்ளே யார் சொன்னாலும் அவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும். ஒருமுறை, உடற்பயிற்சி கொடுக்க வரும் பிசியோ வாய்தவறிச் சொல்லிவிட்டு டீ போட்டார். குடித்துப் பார்த்த தம்பி, "தண்டனை இவருக்கா, நமக்கா?" என்றான். அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

மானிய விண்ணப்பத்தில் மட்டும் அவளே அந்தச் சொல்லை எழுதித்தான் வந்தாள். அரசாங்கத் தாள் வேறு, கூடம் வேறு என்று நினைத்திருந்தாள். இரண்டும் ஒரு நாள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் என்று அவள் எண்ணவில்லை.

அந்த மானியத்தில்தான் வேன் ஓடியது. பின்கதவைத் திறந்து சாய்பலகையை இறக்கினால் நாற்காலியோடு ஆளை ஏற்றிவிடலாம். வேன் வருவதற்கு முன் வாத்தியார் மாடி வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர். முதுகில் படுக்கைப் புண் வந்து, ஆறி, மறுபடி வந்தது. டிரைவரும் வாத்தியாரின் மகனும் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கத் தொடங்கிய பிறகுதான் புண் ஆறியது, கால் தரையில் ஊன்றியது. வேன் நின்றால் அவருக்கு மட்டுமல்ல, அங்கே வருகிற பாதிப்பேருக்கு வாசல்படிதான் எல்லை. மூன்று வருட மானியம் அந்த மாதத்தோடு முடிந்தது; அதை நீட்டிக்கத்தான் இந்த ஆய்வு.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததுமே அக்கா ஆய்வாளரைப் பிடித்துவிட்டாள். ஒல்லியான மனிதர். இடுப்புவலிக்காரர் போலிருக்கிறது, நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் பொய் எழுதலைம்மா. கேட்டேன், இல்லைன்னாங்க. ஒருத்தர் என்னைப் பார்த்து தப்புன்னு கத்துறாரு."

"அவருக்குப் பக்கவாதம் சார். பேச்சு போயிடுச்சு. வாயில வர்றதே ரெண்டு வார்த்தைதான். சரி, தப்பு."

"ரெண்டு வார்த்தையாவது வருதே! எங்க வீட்டுல எனக்குச் சொல்லக் கிடைக்கிறது 'சரி' ஒண்ணுதான்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைக் கவனித்துக் குரலை மாற்றினார். "இதப் பாருங்கம்மா, போன மாசம் ஓரிடத்துக்குப் போனேன். பெயர்ப்பலகை இருக்கு, மேசை இருக்கு, ஆள் இல்ல. சொல்லிட்டுப் போயிருந்தா வாடகைக்கு ஆள் பிடிச்சு உட்கார வச்சிருப்பாங்க. உங்க இடம் அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியுது. ஆனா என் கண்ணுக்குத் தெரியறதை எழுத முடியாது. அவங்க வாயால சொல்லணும். மறு ஆய்வு போடறேன். ஒவ்வொருத்தரையும் தனியாக் கேப்பேன். நீங்க உள்ள இருக்கக் கூடாது."

"கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேளுங்களேன் சார். இங்க வந்து பயிற்சி எடுக்கறீங்களான்னு…"

"தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் கேக்கணும். யாராவது ஒருத்தர் இல்லைன்னாலும், கேள்வி மேல கேள்வி வரும். இந்த வருஷ ஒதுக்கீடு அதுக்குள்ள முடிஞ்சிடும்."

மறு ஆய்வுக்கு முந்தின நாள் பிற்பகல், வேன் புறப்படும் முன், அக்கா எல்லாரையும் கம்பிகளைச் சுற்றி உட்கார வைத்தாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் பாதியைத்தான் சொன்னாள்.

"நாளைக்கு அவரு மறுபடி வராரு. கேக்கறதுக்கு… ஆமான்னு சொல்லிடுங்க."

"எதைக் கேக்கறதுக்கு?" என்றான் தம்பி.

"அதான், அன்னிக்குக் கேட்டது."

"அன்னிக்கு என்னென்னவோ கேட்டாரு. கழிவறை எங்கன்னுகூடக் கேட்டாரு."

"விளையாடாதடா."

"நான் விளையாடல. நீதான இந்த வார்த்தையே கூடாதுன்ன. இப்ப சொல்லுங்கற. சரி, சொல்லலாம். முதல்ல நீ சொல்லு. எங்களைப் பாத்துச் சொல்லு."

பிசியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தையல்காரம்மாவைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள், கடைசியில் தம்பியைப் பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் பயனாளிங்க" என்றாள்.

அவளுடைய குரல் அவளுக்கே யாரோ மைக்கில் பேசுவதுபோல் இருந்தது.

தையல்காரம்மா மூலையைக் கைகாட்டினாள். "அக்கா, அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு. எனக்குச் சர்க்கரை கம்மி."

சிரித்தார்கள். அக்கா எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டாள். தம்பி டம்ளரை வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ அவன் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஆய்வாளர் வந்ததும் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்தாள். நிற்க நிழல் இல்லாததால் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஸ்கூல் வேன் வேலை… இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"தெரியும்ண்ணே."

"எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. ஸ்கூல் பசங்க ஏறும்போதே மண்டையில தட்டுவாங்க. வாத்தியார் ஒருநாளும் தட்டினது இல்ல. ஆனா வீட்டுல ரெண்டு வயசுப் பொண்ணு இருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க."

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இடுப்பளவு வெளிச்சம் இருந்தது. அதில் ஆய்வாளரின் பேன்ட் கால்கள் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு நகர்வது தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை. தையல் மெஷின் பக்கம் கால்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் நகர்ந்தன. வாத்தியாரிடம் வெகுநேரம் நின்றன. "தப்பு!" என்று உரக்கக் கேட்டது. அக்கா கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"போய்ப் பாக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

"வேணாம். நாம உள்ள போனா எல்லாம் கெட்டுடும்."

பட்டறைப் பக்கம் கால்கள் போயின. தம்பியின் நாற்காலிச் சக்கரங்கள் அவருக்கு நேராகத் திரும்பின. ஆய்வாளர் அவனுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற யாரிடமும் அவர் உட்கார்ந்து கேட்கவில்லை. அவன் வாக்குவாதம் செய்கிறானோ? விழாவில் நடந்ததை எல்லாம் கொட்டுகிறானோ? அவன் இல்லை என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த நியாயத்தைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். வேண்டாம்டா, இன்று மட்டும் வேண்டாம் என்று அவள் உதடுகள் அசைந்தன. டிரைவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் ஷட்டர் ஏறியது. ஆய்வாளர் வெளியே வந்து இடுப்பை நிமிர்த்தினார்.

"முடிஞ்சதும்மா. வாத்தியார் முதல்ல தப்புன்னாரு. அப்புறம் அவரே தலையில அடிச்சுக்கிட்டு, சரி சரி சரின்னு மூணு தடவை சொன்னாரு. எழுதிக்கிட்டேன்."

"என் தம்பி?"

"அவர்தான உங்க தம்பி? ஆமான்னாரு. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. படிச்சேன். கையெழுத்துப் போட்டுட்டாரு."

அவர் போன பிறகு அக்கா உள்ளே போனாள். தம்பி ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் கம்பிகள் சீராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் நின்றும் நிமிரவில்லை.

"என்னடா கேட்டாரு இவ்வளவு நேரம்?"

"ஒண்ணும் இல்ல. நீங்க பயனாளியான்னாரு. யோசிச்சேன். அவ்வளவுதான்." சக்கரத்தைக் கையால் நிறுத்தினான். "டிரைவரண்ணன் இன்னிக்கு முடிவு சொல்லணும்னாரே, சொல்லிட்டியா? போய்ச் சொல்லு முதல்ல."

அவள் ஓடிப்போய், வேன் நிற்காது என்று சொன்னாள். உறுதியாக எதுவும் கையில் இல்லாமல்தான் சொன்னாள். டிரைவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனை எடுத்து அந்தப் பள்ளிக்கு வர முடியாது என்றார். அதன் பிறகு அடுத்த சில வாரங்கள் அக்கா சரியாகத் தூங்கவில்லை. அவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இப்போது அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆணை வந்தது. வேனுக்கும் பிசியோவுக்கும் மானியம் உண்டு. மூன்று வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் நேரில் ஆய்வு செய்த பிறகே நீட்டிப்பு என்று கடைசி வரி சொன்னது. அக்கா அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். வாத்தியார் "சரி" என்றார். இந்த முறை சரியான இடத்தில்தான் வந்தது.

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "அப்ப அடுத்த வருஷமும் வந்து இதையேதான் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

அவன் துணியைப் பட்டறை மேல் போட்டான்.

"அப்ப அடுத்த தடவை நீ உள்ள உக்காந்து பதில் சொல்லு. நான் போய் வேன்ல உக்காந்துக்கறேன்."