அப்பாவின் கை சொன்னது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அப்பாவை "சார்" என்று கூப்பிட்டவர்கள். மீதிப் பேருக்கு அவர் அண்ணன், மாமா, சித்தப்பா. அவர் மறைந்த ஓராண்டு நிறைவுக்கு மலர் போடுவோம் என்று முடிவானதும், "நீயே எழுதுடா, உனக்குத்தான் தமிழ் நன்றாக வரும்" என்று தம்பியிடம் தள்ளிவிடப் பார்த்தேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீதான் எழுதணும்க்கா. ஒனக்குத்தான் சொல்ல வேண்டியது இருக்கு" என்றான்.

உண்மைதான். பக்கவாதம் வந்து வாய் பேச முடியாமல் கிடந்த பதினேழு நாளும் அப்பா கையால் எங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை. புரிந்திருக்க வேண்டியவள் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மகள் அப்பாவைப் புகழ்ந்து எழுதியிருப்பாள் என்று நினைத்துப் படிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது கரங்கானுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தாத்தா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். ஆறு பிள்ளைகளில் அப்பா நான்காவது. இடைநிலைப் பள்ளியில் பந்து விளையாட்டு என்றால் எல்லாரும் காற்பந்துக்கு ஓட, ஆள் சேராத சாஃப்ட்பால் குழுவில் அப்பாவைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். "காற்பந்துன்னா காலுக்குச் சப்பாத்து வேணும். சாஃப்ட்பாலுக்குப் பள்ளிக்கூடமே கிளவுஸ் குடுத்துச்சு. அதான் போனேன்" என்பார். பெரிய இலட்சியம் எல்லாம் ஒன்றும் கிடையாது. தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. குடும்பத்தோடு சுங்கைப் பட்டாணிக்கு வந்தார். கொஞ்ச நாள் மரத் தொழிற்சாலை, கொஞ்ச நாள் லாரி. பிறகு ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பொருள் கிடங்கில் வேலை கிடைத்தது. பந்துக்குக் காற்றடிப்பது, வலை தைப்பது, திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது.

அங்கே பெண்கள் சாஃப்ட்பால் குழு ஒன்று இருந்தது. பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளருக்கு ஆட்டத்தின் சட்டமே தெரியாதாம். கோடு போட்டுக்கொண்டிருந்த அப்பா நின்று, மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமே அவர் துணைப் பயிற்சியாளர். இருபத்து மூன்று ஆண்டுகள் அந்தத் துணை என்ற சொல் அவரை விட்டுப் போகவில்லை. தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், இடமாற்றலாகிப் போனார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அப்பா முதல் நாளே பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, யாருக்கு முட்டி வலி, யார் காலையில் சாப்பிடாமல் வருவாள் என்பதையும் சொல்லிவிடுவார். கோப்பை வாங்கும் படங்களில் அவரைத் தேட வேண்டும். ஓரத்தில் தண்ணீர்த் தோம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

சாஃப்ட்பாலில் பந்தை அடித்தவள் பேஸ் என்கிற மூன்று முனைகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு ஓடி வந்தால் ஒரு ஓட்டம். ஆட்டம் நடக்கும்போது அவருடைய இடம் மூன்றாம் பேஸ் ஓரம். அங்கே நின்று, மட்டை பிடிப்பவளுக்கும் ஓடுபவளுக்கும் கையாலேயே கட்டளை சொல்ல வேண்டும். தொப்பி, காது, மூக்கு, இடுப்பு என்று மாற்றி மாற்றித் தொடுவார். எதிர்க் குழுவுக்குத் தெரியக் கூடாது என்பதால் அது எல்லாமே இரகசியம். சின்ன வயதில் நான் அதற்கு அர்த்தம் கேட்டபோது, "கொசு கடிக்குதும்மா, சொறியிறேன்" என்றார். வீட்டில் சொன்னால் பாசார்க் கடைகள் வரைக்கும் போய்விடும் என்று அம்மாவைக் கேலி செய்வார். அம்மாவும் சும்மா இருக்கமாட்டார். "ஆமா, மீன்காரன் வந்து ஒங்க ரகசியத்தத்தான் கேக்குறான்" என்பார்.

ஒரு இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுகன்யா என்று ஒரு பிள்ளை, செர்டாங்கிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள், மூன்றாம் பேஸுக்கு ஓடி வந்தாள். நிற்காமல் ஓடியிருந்தால் ஆட்டம் சமமாகியிருக்கும். அப்பா இரண்டு கையையும் தூக்கி நிறுத்திவிட்டார். அடுத்தவள் ஆட்டமிழந்தாள். குழு தோற்றது. திரும்பும் வழியில் வேனில் தலைமைப் பயிற்சியாளர் அந்தப் பிள்ளையைப் பிடித்து ஏசியிருக்கிறார். வேனை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி, "அவள ஏசாதீங்க சார். நான் நிறுத்துனேன், அவ நின்னா. தப்பு என்னோடதுலா" என்றாராம். இது அப்பா சொல்லி எனக்குத் தெரியாது. சுகன்யா சொல்லித்தான் தெரியும். தன்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல அவருக்கு வாய் வராது.

எனக்கு அந்தக் குழுவையே பிடிக்காது. மறைக்க என்ன இருக்கிறது? ஐந்தாம் படிவத்தில் எனக்குப் பள்ளியில் பரிசு கொடுத்தார்கள். அப்பா ஆட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் விடுப்புக் கேட்டு, வேலை உடுப்போடு வந்து நின்றார். அன்று சாயங்காலம் அப்பா வெயிலில் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்து, "பரிசக் காட்டும்மா" என்றார். "ஒங்க பிள்ளைங்ககிட்டப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அவர் அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டார். பரீட்சை, வேலை, கல்யாணம், குழந்தை என்று எனக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. தம்பியாவது சின்னதில் போயிருக்கிறான், ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறான்.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா திடலுக்குப் போவதை விடவில்லை. அப்படிக் கிளம்பிய ஒரு காலையில் வாசலில் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. கண்ணும் இடது கையும் மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தன.

நான் வேலை முடிந்து புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மருத்துவமனைக்கு வந்துவிடுவேன். ஏழு மணிக்குள் குழந்தையை ஆயா வீட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் அரை மணி நேரம்தான் இருப்பேன். நான் எழுந்து பையை எடுப்பேன். அப்பாவின் இடது கை மேலே போகும். நெற்றியைத் தொடும், காதைத் தொடும், பிறகு விழுந்து கிடக்கும் வலக்கையை மேலிருந்து கீழாகத் தடவும். மறுபடியும் நெற்றி, காது, கை.

"அரிக்குது போல" என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவினார். காது வலியோ என்று தம்பி டாக்டரைக் கூப்பிட்டான். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் நகம் வெட்டிவிட்டேன், பவுடர் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நோயாளிக்கு வரும் கோபம் என்று நினைத்தேன்.

பதினேழாம் நாள் எனக்கு வேலையிடத்தில் சண்டை, வெளியே மழை. நான் எழுந்ததும் அப்பா ஆரம்பித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. "சும்மா இருங்கப்பா, எத்தன தடவ தேய்ப்பீங்க? தோல் உரிஞ்சிரும்" என்று அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டேன். கோபமாகத்தான் செருகினேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போய்விட்டேன். மறுநாள் விடிந்ததும் தம்பி போன் செய்தான்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அப்பாவைத் தங்கள் தகப்பனைப் போல் துடைத்துவிட்ட தாதியருக்கு, இறுதிச் சடங்கு முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, பந்தல் போட்டுக் கொடுத்த கோயில் நிர்வாகத்தினருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. கோத்தா கோலா மூடாவிலிருந்தும் அலோர் ஸ்டாரிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் கால்மாட்டில் நின்று அழுத பழைய ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. உங்களை ஒரு காலத்தில் எனக்குப் பிடிக்காது. நீங்கள் அழுதபோதுதான் உங்கள் முகங்களையே முதன்முதலாகப் பார்த்தேன்.

கடைசி நன்றி சுகன்யாவுக்கு. அவளுக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தாள். இப்போது பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கூடத்தில் வந்தவர்களுக்கு அப்பாவின் கடைசி நாள்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அரிப்பில் எப்படித் துடித்தார் தெரியுமா என்று என் கையால் செய்து காட்டினேன். தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த சுகன்யா அதைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இன்னொரு தடவ காட்டுங்க."

காட்டினேன்.

"மொதல்ல நெத்தியத் தொட்டாரா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஆமா. நெத்தி, காது, அப்புறம் கை."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நெத்தி இல்லக்கா, அது தொப்பி. தொப்பியத் தொட்டா அதுக்கு அப்புறம் வர்றதுதான் நெஜ சைன். காது, கை. அது துங்கு. டீம்ல மலாய்க்காரப் பிள்ளைங்கதான நெறைய, அதனால மலாய்ல அப்படிப் பேர் வச்சாரு. இரு, எடத்த விட்டுப் போகாதன்னு அர்த்தம். சார் அத எப்பக்கா செஞ்சாரு?"

மூலையில் பாயில் இருந்த அம்மா சொன்னார்: "இவ கெளம்பும்போதெல்லாம்."

சுகன்யா அழுதுகொண்டே, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, இன்னொன்றையும் சொன்னாள். "சைன் கெடைச்சா நாங்க பதில் சொல்லணும்க்கா. ஹெல்மெட்டத் தொட்டுக் காட்டணும். தொடலன்னா எங்களுக்குப் புரியலன்னு நெனச்சு சார் திரும்பத் திரும்ப செஞ்சுகிட்டே இருப்பாரு. கோவிச்சுக்க மாட்டாரு."

அம்மா பாயிலிருந்து எழுந்து, மாலை போட்டிருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வலக்கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டார். பிறகு தம்பி போய்த் தொட்டான்.

எனக்குக் கை எழவில்லை. இந்த ஓராண்டில் அந்தப் படத்துக்கு முன்னால் எத்தனையோ முறை போய் நின்றுவிட்டேன், இன்னும் எழவில்லை. இருக்கச் சொல்லி நீங்கள் கெஞ்சிய கையைப் போர்வைக்குள் செருகிவிட்டுப் போனவள் நான்தான், அப்பா.