மஞ்சள் ட்யூபுக்குள் இருந்த மூச்சு

இது கதை இல்லை. கதையாக இருந்திருந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கும் என் மனைவி நந்தினிக்கும் போன மாதம் நடந்தது. பேய் என்றால் நடு ராத்திரியில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வரும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். எங்களுக்கு நடந்தது பட்டப்பகலில். அக்னி நட்சத்திர வெயிலில். எங்கள் வீட்டுப் படுக்கையறையில்.

என் பெயர் திருமலை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. பௌர்ணமி வந்தால் எங்கள் வாசலில் ஊர் உலகமே நடக்கும். வண்டியை வெளியே எடுக்க முடியாது. எனக்கு அது தலைவலி. என் மகள் சினேகாவுக்கு அதுதான் திருவிழா. கேட்டில் ஏறி நின்றுகொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கை காட்டுவாள். அவர்களும் காட்டிவிட்டுப் போவார்கள். கூட்டம் என்றால் அவளுக்கு உயிர். பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போக மாட்டாள். யாராவது வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவளுக்கு ஏழு வயது. கடல் பார்த்ததே இல்லை. போன வருஷ லீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்காகப் பௌர்ணமிக் கடையில் ஒரு மஞ்சள் ட்யூப் வாங்கினாள். இடுப்பில் மாட்டிக்கொண்டு மிதப்பார்களே, அந்தக் காற்று வளையம். நான் ஊதித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அவளே ஊதினாள். வாயில் எப்போதும் போல ஒரு கமர்கட் மிட்டாய். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஃபூ... ஃபூ... என்று.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் உயிரோடு திரும்பவில்லை.

எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்போம். தீபத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுப் பாவாடையைக் கட்டி, ஏரிக்கரையில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

அந்த ட்யூபை மட்டும் நந்தினி யாரையும் தொட விடவில்லை. அதற்குள் இருந்தது சினேகாவின் மூச்சு. பீரோ மேல் வைத்தாள். ஆனால் எத்தனை நாளைக்கு அது காற்றைப் பிடித்து வைத்திருக்கும்? தை மாதம் சுருக்கம் விழுந்தது. பங்குனியில் பாதிதான் இருந்தது. தினமும் தொட்டுப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் போயிட்டா பாருங்க" என்று சொல்லி அழுவாள்.

வருஷம் திரும்பியது. நந்தினி வாசலைத் தாண்டுவதே நின்றுவிட்டது. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். எங்காவது கடலோரமாக வீடு எடுத்துச் சில நாள் இருந்துவிட்டு வரலாம் என்றேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சினேகாவையும் கூட்டிக்கிட்டுப் போவணும்."

எரித்திருந்தால் சாம்பலாவது இருந்திருக்கும். கடலில் கரைத்திருக்கலாம். புதைத்தவளை எப்படிக் கூட்டிப் போவது? ஏரிக்கரைக்குப் போய், அவளை வைத்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சுடுகாட்டுக்குப் போய்வந்தால் காலில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். எனக்குத் தெரியாதது இல்லை. அதனால் டப்பாவை வண்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். நந்தினி வந்து பார்த்தாள்.

"இந்த வெயில்ல அவள ஏங்க வெளிய வெச்சிருக்கீங்க?"

அவளே உள்ளே எடுத்துப் போய் ட்யூபுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து போனில் வீடு தேடினோம்.

"புதுச்சேரியில ஒண்ணு இருக்கு. பீச்சுக்குப் பக்கத்துலயே."

கிரீச்...

படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம். ரப்பரைச் சுவரில் தேய்த்தது போல. போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"புதுச்சேரி வேணாங்க" என்றாள் நந்தினி. "லீவு டைம். கூட்டம் ஜாஸ்தி. மத்த கொழந்தைங்க வெளையாடறதப் பாத்தா என்னால தாங்க முடியாது."

மகாபலிபுரம் என்றேன். மறுபடியும் கிரீச்... இந்த முறை கொஞ்சம் பலமாக. எலி என்று நினைத்துக்கொண்டேன். மகாபலிபுரமும் வேண்டாம் என்றாள்.

கடைசியில் மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வீடு கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மாடியில் ஒரு ரூம், கீழே வீட்டுக்காரம்மா சந்திரம்மாள் மட்டும். எதிரே ஆள் நடமாட்டமே இல்லாத கரை. படத்தில் பார்த்ததும் நந்தினிக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் நந்தினி என்னை உலுக்கி எழுப்பினாள். கையில் அந்த ட்யூப். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நீங்க ஊதினீங்களா?"

"இல்லியே."

"பொய் சொல்லாதீங்க. அவ மூச்சுல உங்க மூச்ச ஏங்க கலந்தீங்க?" என் மார்பில் குத்திக் குத்தி அழுதாள். சத்தியமாக நான் ஊதவில்லை. இவளே ராத்திரி ஊதிவிட்டு மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள், எதுவும் செய்வாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம் இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் தெருவே அடங்கியது போல இருந்தது. நாங்கள் இருவரும் ஹாலில். சந்திரம்மாளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில்.

"எத்தினி பேருங்க வர்றீங்க?"

"ரெண்டு பேருங்க."

"பாப்பாவ விட்டுட்டா சொல்றீங்க?"

"பாப்பா... இல்லீங்க."

"இல்ல, பக்கத்துல யாரோ ஊதற சத்தம் கேக்குதே. கொழந்தன்னு நெனச்சேன்."

போனைக் கட் பண்ணினேன்.

அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது.

ஃபூ...

படுக்கையறையில்.

ஃபூ...

நடுவில் மூச்சை இழுக்கிற சத்தம். அப்புறம்... கடக்.

கமர்கட் பல்லில் இடிக்கிற சத்தம்.

ஃபூ...

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

நின்றுவிட்டது.

ட்யூப் பீரோ மேல் இல்லை. கட்டில் மேல் இருந்தது. மூடி திறந்திருந்தது. காற்று இறங்கவில்லை. வாய் வைக்கிற இடத்தில்...

ஈரம்.

பெற்ற அப்பன்தான், ஆனாலும் பயந்தேன். நந்தினி பயப்படவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஈரத்தைத் தொட்டு முகர்ந்தாள். ட்யூபைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குங்க" என்றாள்.

அன்று ராத்திரி வெகுநேரம் பேசினோம். சினேகாவுக்குக் கடல் வேண்டும், அதற்குத்தான் ஊதுகிறாள், கூட்டிப் போய் நிம்மதியாக விட்டுவிட்டு வரலாம் என்றேன். விடுவதா என்று கேட்டாள் நந்தினி. பிறகு, கடைசியில், தலையாட்டினாள்.

பஸ்ஸில் ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் பார்த்துச் சிரித்தார்.

கடற்கரை நாங்கள் நினைத்தபடியே இருந்தது. சந்தடியே இல்லை. மூன்று நாள் இருந்தோம். நந்தினி இரண்டு வேளை சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். கிளம்புகிற அன்று மதியம் தண்ணீரில் இறங்கி மண்ணைக் கரைத்தோம். நந்தினி ட்யூபின் மூடியைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல அழுத்தினாள். வெல்லமும் தேங்காயுமாகக் கமர்கட் வாசம் வந்தது. எனக்கும் வந்தது. அது அடங்கும் வரை இருவரும் அழுதோம்.

"இங்கயே இரு கண்ணு. சந்தோஷமா வெளையாடு" என்றாள்.

சாவு காரியம் முடிந்த இடத்தில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. எங்கள் வழக்கம் அது. சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பஸ் கீழ்பென்னாத்தூர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. போன் அடித்தது. சந்திரம்மாள்.

"ஏங்க, உங்களுக்கு அறிவு கெட்டுப் போச்சா? பாப்பாவ விட்டுட்டா போவீங்க?"

"எங்களோட... யாரும் வரலீங்க."

"மூணு நாளா மாடியில ஓடிக்கிட்டு இருந்துச்சே! சத்தம் தாங்கல. இப்ப கரையில தனியா நிக்குது. கடலுக்கு வர்றப்ப யாராவது பச்சப் பட்டுப் பாவாடை கட்டி உடுவாங்களா? ஓரமெல்லாம் மண்ணு."

நந்தினி போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, அவள உங்க வூட்டுக்குக் கூப்புடுங்கம்மா..."

"கூப்பிட்டேன். வர மாட்டேங்குது. அம்மா இங்கயே இருன்னு சொன்னாங்களாம். வரேன்னு சொல்லாமப் போயிட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுவுது."

நந்தினி பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினோம். கிடைத்த பஸ்ஸில் ஏறி, மாறி, போய்ச் சேர்ந்தபோது கரையில் சந்திரம்மாள் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார்.

"கடல திரும்பியே பாக்கலீங்க. ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. இருட்டனதும் நான் டார்ச் எடுக்கப் போனேன். அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

மேற்கே கையைக் காட்டினார். திண்டிவனம் ரோடு.

அந்த ரோட்டில்தான் நாங்கள் வந்தோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் எங்கேயோ, ஏதோ ஒரு புளியமரத்துக்குக் கீழே, என் மகளைத் தாண்டி வந்திருக்கிறேன்.

அது போன மாதம். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ட்யூபை மறுபடியும் பீரோ மேல் வைத்திருக்கிறோம், தட்டையாக.

நேற்று கடைக்கு இளஞ்செழியன் வந்தான். செஞ்சிப் பக்கத்திலிருந்து மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றி வருகிற வேன் டிரைவர். எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. லைசென்ஸை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டுத் தானாகவே ஆரம்பித்தான்.

"நேத்து செஞ்சி தாண்டி ஒண்ணு பாத்தேண்ணா. ரோட்டோரமா ஒரு பாப்பா தனியா நடந்து வருது. நல்ல பட்டுப் பாவாடை, அதுல அவ்ளோ மண்ணு. வாயில ஏதோ ஒதுக்கிக்கினு இருக்குது. வண்டிய நிறுத்தி எங்கம்மா போறன்னு கேட்டேன். பௌர்ணமிக்கு எங்க ஊருக்குப் போறேன், எல்லாரும் வருவாங்கன்னுச்சு. ஏத்திக்கலாம்னு கதவத் தொறந்தேன்... ஆளக் காணோம்ணா."

லைசென்ஸை அவன் கையில் திணித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

இன்று பௌர்ணமி. கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நந்தினி கமர்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு குழந்தையையும் பார்க்கிறாள். கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே ட்யூப் இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது.

கிரிவலம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பச்சைப் பாவாடையில் ஒரு பிள்ளை உங்களோடு சேர்ந்து நடந்தால் பயந்து ஓடாதீர்கள். அடி அண்ணாமலை வரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். அவளுக்குத் தனியாக இருக்கப் பயம்.