கிருபை என்றால் தண்ணீர்

திருமுடிவாக்கத்தில் சூப்பர்வைசராக வேலை பார்த்த பட்டறையிலேயே என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுதாகப் போயிற்று. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மாடம்பாக்கத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பார், காற்றுதான் வரும்.

நான் பள்ளி ஆசிரியை. லீவு தீர்ந்ததும், பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளப் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மாவை ஏற்பாடு செய்தேன். விடிந்ததும் அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு ஓடுவேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு வந்து மறுபடியும் துடைப்பேன். சபையார் வந்து ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவ வேண்டுமே என்றுதான் எனக்கு ஓடியது. வேதாகமத்தைத் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோபமெல்லாம் இல்லை. கையில் எடுக்கத் தெம்பில்லை.

பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் ஒரு நாள் கேட்டாள். "மேடம், சார் சின்ன வயசுலேர்ந்து மனப்பாடமா சொல்ற எதாவது இருக்கா? புதுசா பேசறதைவிட அது சீக்கிரம் வரும்."

நூற்று முப்பத்தாறாம் சங்கீதம் நினைவுக்கு வந்தது. கோயிலில் வசனத்தின் முதல் பாதியைப் போதகர் வாசிப்பார். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சபை முடிக்கும். கடைசிவரை எல்லா வசனத்துக்கும் அதே முடிவுதான்.

மாலையில் வாசிக்க ஆரம்பித்தேன். பக்தியால் அல்ல, பயிற்சி என்பதால். இரண்டு பாதியையும் நானே சொன்னேன். ஐந்தாம் நாள், சூரியனும் நிலவும் வரும் இடத்தில் தொண்டை வறண்டு நிறுத்தினேன்.

"கி... பை" என்றார்.

அடுத்த வசனத்துக்கு, "கிருபை." எனக்கு எழுத்து மங்கிவிட்டது. மேலே படி என்று இடது கையால் கட்டிலைத் தட்டினார்.

பிறகு பல வாரங்கள் அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. ஃபேன் போட வேண்டும் என்றாலும் கிருபை, புரண்டு படுக்க வேண்டும் என்றாலும் கிருபை. ஒரு காலை கஞ்சி கட்டிலெல்லாம் கொட்டிவிட்டது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவரோ விடாமல் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"போதும்ங்க. அந்த வார்த்தையை இனிமே சொல்லாதீங்க" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் உள்ளே வந்த அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். "ஏன்க்கா கத்துறே? அண்ணன் தண்ணி கேக்குது. அதுகிட்ட வேற வார்த்தையா கீது? கீறத வெச்சிக்கினுதான் கேக்குது."

அந்த அம்மாவே அவருக்குத் தண்ணீர் புகட்டினார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். கணவர் இடது கையை என் தலைமேல் வைத்து மறுபடியும் அதையே சொன்னார். இந்தத் தடவை அவர் எதையும் கேட்கவில்லை. அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. கம்பு ஊன்றிப் பாத்ரூம் வரை நடக்கிறார். கொஞ்சம் சொற்கள் திரும்பியிருக்கின்றன. போன வாரம் என் பெயரைக்கூடச் சொன்னார், பாதி தப்பாக. வேலைக்கு இனிப் போக முடியாது. எனக்கும் களைப்பு போகவில்லை. ஆனால் மாலையில் நாங்கள் இருவரும் மாறி மாறிச் சங்கீதம் சொல்லும் அந்தப் பத்து நிமிடம் நான் யாரையும் துடைக்க வேண்டாம், யாருக்கும் ஊட்ட வேண்டாம். தேவன் உனக்கு இரங்கினாரா என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது.