அன்னாசிக் குருத்தில் விழுந்த யூரியா

புயலில் தென்னைகள் சாய்ந்தபின் எங்கள் மேட்டுக் கொல்லை வெறுமனே கிடந்தது. விவசாயம் படித்துவிட்டு வந்திருந்த நான், அங்கே அன்னாசி வைக்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கோ நெல்தான் பயிர்.

"நம்ம பக்கம் எவன்டா அன்னாசி போட்டான்? சரி, ஒரு காய்ப்பு பாக்குறேன். தேறலன்னா எல்லாத்தையும் புடுங்கிட்டு வாழை வச்சுருவேன். அப்புறம் பேசக்கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

கொல்லையை இரண்டாகப் பிரித்தேன். கிழக்குப் பாதியில் நடவுக்கு முன்பே உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டு, நட்ட பிறகு மட்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் மட்டும் வைத்தேன். மேற்குப் பாதிக்கு யூரியாவும் பொட்டாஷும். எது நன்றாக வருகிறது என்று பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

மார்கழியில் ஒருநாள் காலை, பனி காயும் முன்பே யூரியாக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேற்குப் பாதியில் இறங்கினேன். அள்ளி அள்ளி விசிறினேன். சின்ன வயதிலிருந்து வயலில் விசிறிப் பழகிய கை அது. நெல்லில் யூரியாக் குருணை இலையில் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்துவிடும். அன்னாசியின் இலைகள் நாலாபுறமும் விரிந்து, நடுக்குருத்து கிண்ணம்போல் பனிநீரைத் தேக்கி வைத்திருக்கும். குருணையெல்லாம் அதற்குள் போய்த் தங்கியது.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்: "என்னப்பா, குருத்தெல்லாம் சூடு போட்ட மாதிரி கருகிக் கெடக்கு?"

அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஏன் சார், நெல்லும் அன்னாசியும் ஒண்ணுன்னுதான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா? வாழைக்கட்டைக்குச் சொல்லி வச்சுரவா?"

"ஒரு காய்ப்புன்னு சொன்னீங்கல்ல. இன்னும் காய்க்கலையே."

அன்றே தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஒவ்வொரு குருத்தாகக் கழுவினேன். இலை முள் முழங்கை வரை கீறியது. "இதுக்கா ஒன்னப் படிக்க வச்சோம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு அடுத்த வரிசையில் குடத்தோடு இறங்கினாள். பாதிக்குப் பாதி பிழைத்தது. அதன்பின் யூரியாவை வேரடியில் வைத்து மண்ணால் மூடினேன்.

கிழக்கில் கருகல் இல்லை. ஆனால் செடிகள் வெளிறி, வளராமல் நின்றன. எருவே போதும் என்று அங்கே நான் பிடித்திருந்த பிடிவாதத்தை விடச் சில வாரங்கள் ஆயின. கடைசியில் கொஞ்சம் யூரியாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலைமேல் தெளித்தேன். பச்சை திரும்பியது. மேற்கில் மணல் ஈரம் பிடிக்கவில்லை என்று அங்கே எருவும் சருகும் கொண்டுபோய்க் கொட்டினேன். என் சோதனை தோற்றது, செடிகள் தேறின.

காய்ப்பு வந்ததும் அப்பா ஒரு பழத்தை அவரே வெட்டித் தின்றார்.

"புளிக்குது."

இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டார். "மேக்கால பாதி எடம் காலியாக் கெடக்கே, அதுல என்ன பண்ணப்போற?"

"பக்கக்கன்னைப் பிரிச்சு அங்க வைக்கப்போறேன்."

"மறுபடியும் கருக்கிட்டீன்னா?"

"மறுபடியும் கழுவுவேன்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், அந்தக் காலி இடத்தில் கோரையைப் பிடுங்க உட்கார்ந்தார்.