ஐம்பத்தெட்டுப் பெட்டிகள்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் பெலெனிகே முதலில் சுவரில்தான் கை வைப்பார். குசலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. உள்ளங்கையை விரித்துப் பலகைச் சுவரில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்ப்பார். சுவர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு ஃப்ரீசர் ஓடுகிறது என்று பொருள். "உள்ள ஒருத்தர் மூச்சு விடறாரு போலருக்கே, யாரு?" என்று கேட்பார். வீட்டுக்காரி சிரித்து மழுப்புவாள். அதற்குள் பெலெனிகே மனதுக்குள் ஒன்று கூட்டியிருப்பார்.

தலைநகர்த் தீவான ஃபுனாஃபுத்தியில் அவருக்கு அரசாங்க வேலை. எந்தத் தீவுக்கு எத்தனை சூரியத் தகடு, எத்தனை பாட்டரி, டீசல் இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்று திட்டம் போடும் மேஜை. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. கனத்த உடம்பு. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காலைத் தூண்டில் நரம்பால் கட்டியிருக்கிறார். கட்டி ஆறு வருடமாகிறது. தேநீருக்கு நாலு கரண்டி சர்க்கரை. மழை பெய்தால் ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஸ்கூட்டருமாக விமான ஓடுதளத்தைக் குறுக்கே கடப்பார். விமானம் வராத நேரத்தில் அங்கே பந்து விளையாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தி அவர் போகட்டும் என்று காத்திருப்பார்கள்.

சூரிய சக்தி என்ற சொல் அவர் வாயில் வராது. வெயில்தான். "வெயில் நல்ல வேலைக்காரன். சொன்ன நேரத்துக்கு வருவான், சாப்பாடு கேக்க மாட்டான். ஆனா ஆறு மணிக்கு டாண்ணு வீட்டுக்குப் போயிடுவான். அப்பறம் விடியற வரைக்கும் யாரு பாக்கறதுங்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

வெளிநாட்டு நிபுணர்கள் அனுப்பும் நூற்றைம்பது பக்கத் திட்டங்களில் அவர் நேராகப் பத்தொன்பதாம் அட்டவணைக்குப் போவார். எந்த நிறுவனம் எழுதினாலும் ஏறக்குறைய அங்கேதான் வீட்டுச் சாமான்களின் எண்ணிக்கை இருக்கும். விளக்கு இத்தனை, விசிறி இத்தனை, ஃப்ரீசர் இத்தனை. நுகுசாவா தீவின் திட்டத்தில் எழுபத்து நாலு வீட்டுக்கு முப்பத்தொரு ஃப்ரீசர் என்று போட்டிருந்தது. நுகுசாவா பெலெனிகே பிறந்த ஊர். அந்த எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த கப்பலில் இடம் கேட்டு எழுதிப் போட்டார்.

திட்டம் எழுதிய டங்கன் நியூசிலாந்துக்காரர், நல்ல மனிதர். தீவுக்கு வந்து இரண்டு நாள் தங்கி, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டிருந்தார். ஆனால் அவர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து கலைகிற நேரத்தில், ஒரு வீட்டுக்கு ஒரு ஃப்ரீசருக்கு மேல் இருந்தால் தனிக் கட்டணம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மறுநாள் டங்கன் போன வீடுகளில் எல்லாம் ஒன்று இருந்தது, அல்லது ஒன்றும் இல்லை.

பெலெனிகே ஒன்பது நாள் நடந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்தார், கள் குடித்தார், புலாக்கா கிழங்கு சாப்பிட்டார், சுவரில் கை வைத்தார். ஒரு ஃப்ரீசர் படகுக் கொட்டகையில் பாய்மரத் துணிக்கு அடியில் இருந்தது. ஒன்று பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால். ஒன்றின் மேல் விரிப்புப் போட்டு வேதாகமம் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், "எங்க மாமியாரையும் எழுதிக்கம்மா. ராவும் பகலும் ஓயறதே இல்ல," என்றார். "அவங்களுக்குக் கரண்ட் வேணாமே மாமா, அதான் எழுதல," என்றார் பெலெனிகே. உள்ளே இருந்து மாமியாரே சிரித்தாள்.

அவர் தங்கியது அக்கா லோசாவின் வீட்டில். லோசா அவரைவிட நாலு வயது மூத்தவர். புருஷனும் இரண்டு மகன்களும் மீன் பிடிக்க, லோசா அதை உறைய வைத்துத் தலைநகருக்குக் கப்பலில் அனுப்புகிறார். வாசலில் ஒரு ஃப்ரீசர் எல்லோரும் பார்க்கும்படி நின்றது. பின்னறையில் தங்கைக்குப் பாய், தலையணை எல்லாம் போட்டு உயரமாக ஒரு படுக்கை செய்து வைத்திருந்தார். அதில் ஒன்பது இரவு ஒன்றும் சொல்லாமல் தூங்கிய பெலெனிகே, கடைசி நாள் மத்தியானமும் படுத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துக் கூரையைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்.

"அக்கா, உன் கட்டில் நடுங்குதே?"

"கடல் காத்துடி. வீடே ஆடுது."

"முதுகு வேற சில்லுனு இருக்கு."

லோசா கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு லோசாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "சிறுக்கி, தூங்கறதுக்குன்னு போட்டா அதையும் எண்ணுவியா நீ?" என்று கரண்டியாலேயே தங்கையின் காலில் ஒன்று போட்டார். படுக்கைக்கு அடியில் இருந்ததுதான் ஐம்பத்தெட்டாவது ஃப்ரீசர் பெட்டி.

சனிக்கிழமை தீவு மன்றத்தில் கூட்டம். தலைவர் அபினேலு பெலெனிகேயின் தாயோடு பிறந்தவர். அந்தத் தீவில் தாய்மாமன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அவர் எதிரே நின்றுகொண்டுகூடப் பேச மாட்டார்கள். பெலெனிகே பாயில் உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எண்ணிக்கையைச் சொன்னார். முப்பத்தொன்று என்று நினைத்து வாங்கும் பாட்டரி அதிகாலை மூன்று மணிக்குக் காலியாகும். தினமும் அடிவரை வற்றிப்போனால் பத்து வருடம் உழைக்க வேண்டியது மூன்றில் செத்துவிடும்.

"சரி, ஐம்பத்தெட்டுன்னு எழுதினா?" என்றார் அபினேலு.

"பெரிய பாட்டரி வேணும், மாமா. இந்தத் தடவை ஒதுக்கின நிதியில அது அடங்காது. நம்ம தீவை அடுத்த சுற்றுக்குத் தள்ளிடுவாங்க. ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அபினேலு கையை உயர்த்தி அடக்கினார். அவருக்குக் கோபம் இல்லை. குரல் இன்னும் மெதுவாயிற்று. "அந்த வெள்ளைக்காரரே முப்பத்தொண்ணுன்னு எழுதிட்டாரு. நீ ஒண்ணும் புதுசா எழுத வேணாம் பெலெ. கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். முதல்ல சாமான் வந்து இறங்கட்டும். மிச்சத்த நாம பாத்துக்கலாம்."

பதினேழு வருடத்துக்கு முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில், கிழக்கே வேறொரு தீவில் இதே பேச்சுக்குப் பெலெனிகே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாம் வருடம் பாட்டரிகள் போயின. பிறகு ஒருமுறை அங்கே போனபோது தகடுகளைப் பன்றிக்கு வேலியாக நட்டிருந்தார்கள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. விருந்தே போட்டார்கள். அந்த விருந்தைப் பற்றிக் கேட்டால் அவர் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவார்.

"முடியாது, மாமா," என்றார். குனிந்த தலை நிமிரவில்லை. "ஐம்பத்தெட்டு."

அபினேலு எழுந்து வெளியே போனார். அவர் போனதும் மற்றவர்களும் போனார்கள்.

நுகுசாவாவுக்கு என்று வைத்திருந்த தகடுகள் அந்த வருடம் வேறு தீவுக்குப் போயின. அதன்பின் நாலாம் மாதம் தீவுக் கப்பலின் இயந்திரம் பழுதாகி, பதினேழு நாள் டீசல் வரவில்லை. பீப்பாய்கள் காலியாகி மின்சாரம் நின்றது. லோசாவின் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வாசல் பெட்டி, கட்டில் பெட்டி இரண்டிலும் விருந்துக்கென்று இரண்டு மாதமாகச் சேர்த்த சூரை மீன். மூன்றாம் நாள் நாற ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் புருஷனும் மகன்களும் கடற்கரையில் குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். கல்யாணத்துக்கு டின் மாட்டிறைச்சிதான்.

பெலெனிகே தலைநகரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். லோசா ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "நீ முப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்தா என் பொண்ணு கல்யாணத்துல மீன் இருந்திருக்கும்." அதற்குப் பிறகு தங்கை கூப்பிட்டால் லோசா எடுப்பதில்லை. எதிர்முனையில் மணி அடித்து ஓய்வதை நாள்தோறும் கேட்டுவிட்டு, பெலெனிகே நாலு கரண்டி சர்க்கரை போட்ட தேநீரை ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

மன்றக் கூட்டம் நடந்து பத்தொன்பதாம் மாதம் நுகுசாவாவின் முறை வந்தது. இம்முறை பெரிய பாட்டரிகள். தனிக் கட்டணம் எதுவும் இல்லை என்று பெலெனிகே முதலிலேயே எழுதி வாங்கி மன்றத்தின் கதவில் ஒட்டினார். பாறைத்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் பாட்டரிப் பெட்டிகளைச் சுமந்து கரையேற்ற, அவர் தொப்பியும் தொளதொளச் சட்டையுமாக நின்று ஒவ்வொன்றுக்கும் எண் சொன்னார். ஆறு வாரம் தங்கினார். லோசா வீட்டில் அல்ல, பள்ளிக்கூடத்தில். திறப்பு விழாவில் அபினேலு கடவுளுக்கும் அமைச்சருக்கும் நிதி கொடுத்த நாடுகளுக்கும் நன்றி சொன்னார். கடைசியில், "எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி, பிடிவாதக்காரி," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. லோசா விழாவுக்கு வரவில்லை.

டீசல் இயந்திரத்தை நிறுத்தி, பாட்டரியை மட்டும் நம்பி நாலு இரவுகள் கழிந்தன. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குக் கப்பல் பாறைத்திட்டுக்கு வெளியே நின்றது. கப்பலுக்கு ஏற்றிப்போகும் படகு கரையில் ஆடிக்கொண்டிருந்தது. பெலெனிகே பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்போது, மணலில் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம் கேட்டுத் திரும்பினார். லோசா. தலை வாராமல், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் இன்னொரு துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று, கைக்குழந்தை அளவுக்கு.

"இந்தா." குரலில் கடுப்பு போகவில்லை. "கட்டில்ல இருந்து எடுத்தது. உருகறதுக்குள்ள சாப்பிடு."

பெலெனிகே இரண்டு கையாலும் வாங்கினார். படகுக்காரன் சீக்கிரம் என்று கத்தினான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துண்டின் ஒரு முனையை விலக்கி, மீனின் வயிற்றில், எங்கே முதலில் இளகுமோ அந்த இடத்தில், கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போகவில்லை. இன்னும் பலமாக அழுத்திப் பார்த்தார். நகம் வெளுத்தது, மீன் கல்லாகவே இருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே நின்று அக்காவைப் பார்த்தார்.