கேமராவில் பதிந்த ‘செரீங்க’

கதிர்வேல் இறந்த செய்தியை அவர் மனைவி மல்லிகாதான் போனில் சொன்னார். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், என் பட்டறையில் ஒரு கம்பெனி வேனுக்கு கிளட்ச் மாற்றிக்கொண்டிருந்தேன். “அண்ணா, காலையில எழுப்புனேன், எந்திரிக்கவே இல்லீங்க” என்றார். விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து வந்த சாவு. கை கழுவாமலே கிளம்பினேன்.

தொலைக்காட்சியில் அவருடைய வண்டி நிகழ்ச்சியைப் பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நம் பேச்சிலேயே கார்களைப் பற்றிப் பேச வந்தவர். “வண்டி பொய் சொல்லாதுங்க, விக்கறவங்கதான் சொல்லுவாங்க” என்பார். ஒருமுறை என்னையும் கேமரா முன் நிறுத்தி, “அண்ணன் பள்ளிக்கூடம் போகலீங்க. பள்ளிக்கூடத்து பஸ்ஸுதான் ரிப்பேராகி அண்ணங்கிட்ட வந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. பட்டறைக்கே வந்து, “இந்தக் கோவம் லிட்டருக்கு எத்தன கிலோமீட்டருங்ண்ணா குடுக்கும்?” என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்.

விபத்து நடந்த அன்று ஒரு பழைய பந்தயக் காரைத் தனியார் பாதையில் முழு வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். டயர்களில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் வரிகள், தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள். ஓடாமல் நின்றே கிழடான டயர். “இதுல வேகம் வேண்டாங்க” என்றேன். படமெடுக்க வந்தவர்கள் வெளிச்சம் போகிறதென்று பறந்தார்கள். “ஒரே ஓட்டந்தானுங்ண்ணா” என்றார் கதிர்வேல். நான் “செரீங்க” என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ‘செரீங்க’ என்றால் சம்மதம் மட்டுமல்ல. உங்களோடு வாதாட முடியாது, உங்கள் இஷ்டம் என்பதற்கும் அதே சொல்தான். பிடிக்காத சம்பந்தத்தைக்கூட இப்படிச் சொல்லித்தான் தட்டிக்கழிப்போம்.

டயர் வெடித்து கார் நான்கு முறை உருண்டது. தலையில் அடி. கால்களுக்கு உயிர் திரும்பவே இல்லை. பேச்சு வர எட்டு மாதம் ஆனது.

நான் தடுத்தது கேமராவில் இல்லை. ‘செரீங்க’ மட்டும் இருந்தது. டிவிக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். “மெக்கானிக் ஓகே சொல்லியிருக்காரே” என்றார்கள். அவர்கள் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். “நீங்க சரின்னுதானே சார் சொல்றீங்க?” என்று ஒரு பெண் பணிவாகக் கேட்டாள். பதில் இருந்தது. அவளுக்குப் புரியவைக்கும் தமிழ் என்னிடம் இல்லை. கதிர்வேலைப் பார்க்க மாலையோடு வந்து படமெடுத்துப் போனார்களே தவிர, என் ‘செரீங்க’வுக்கு என்ன அர்த்தமென்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் போவேன், வண்டிகளைப் பற்றிப் பேசுவேன், வந்துவிடுவேன். போன மாதம் அவருடைய சக்கர நாற்காலிக்கு பிரேக் இறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லுக்குச் சொல் நின்று அவராகவே சொன்னார்: “அண்ணா... அது வேண்டாங்கற செரீங்க. எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் ஓட்டுனேன்.”

மல்லிகா அடுப்படியில் இருந்தார். அவர் சொன்னது என்னைத் தவிர யார் காதிலும் விழவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வார்த்தைதான். அதற்காகத்தான் இரண்டு வருடம் ஊரோடு மல்லுக்கு நின்றேன். அவர் வாயால் அது வந்தபோது, கார் சாவி அன்று என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை என்று மட்டும் தோன்றியது.