புதர் பக்கம் திரும்பிய லென்ஸ்

மோட்டார் கொட்டகைக் கூரையில் கேமரா வைத்தது நான்தான். வைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து, பாகூர் ஏரிக்குத் தெற்கே உள்ள எங்கள் வயலைப் பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்தது. நானோ வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்ப்பவள். சேற்றில் இறங்க உடம்பு வணங்காது. ஆனால் மூளை மட்டும் ஊருக்கே அதிகம் என்று ஒரு நினைப்பு.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை இருக்கிறது. அதோடு சேர்க்கிற கேமராவில் லென்ஸ் கிடையாது. மரை போட்ட இரும்பு வாய் மட்டும்தான். வேண்டிய லென்ஸை நாமே வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, ஓட்டை போட்டு, கூரையில் கட்டினேன். நிமிஷத்துக்கு ஒரு படம் என் போனுக்கு வந்துவிடும். முதலில் வயல் முழுக்கத் தெரிகிற அகல லென்ஸ்தான் போட்டிருந்தேன். கிழக்கு மூலையில் பயிர் சாய்ந்து கிடந்தது. மயிலா எலியா என்று தெரியவில்லை. தூரத்தைக் கிட்டே காட்டுகிற லென்ஸை வாங்கி மாற்றி, அந்த மூலைக்கே திருப்பி வைத்தேன். மூலையை ஒட்டி வாய்க்கால் கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்குப் புதராக மண்டிக் கிடந்தது. அது யாருக்கு எதற்குப் பயன்படுகிறது என்று நான் யோசிக்கவேயில்லை. எனக்கு அவசரம் என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன்.

திங்கட்கிழமை களை எடுக்க எட்டுப் பெண்கள் வந்தார்கள். முதல் இரண்டு நாள் படங்களைக் கோத்து வீடியோவாக்கி, ஆபீஸ் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினேன். வெயில் ஏறி இறங்குவதும் அந்த மூலைக்கு வந்து போகிற பெண்கள் எறும்பு வேகத்தில் ஊர்வதுமாக ஒரு நிமிஷத்துக்குள் ஓடி முடிந்துவிடும். ஆகா ஓகோ என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

புதன்கிழமை காலையில், ஆட்களைக் கூட்டி வருகிற அக்கா அது இன்னா டப்பா என்று கேட்டார். நான் போனை நீட்டிப் பீற்றிக்கொண்டேன். புதருக்குப் பக்கத்தில் நிற்கும் பனையில் எத்தனை மட்டை என்று எண்ணலாம் பாருங்கள் என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிரமித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அறிவுகெட்டவள்.

அடுத்த நாளிலிருந்து வேலை மந்தமானது. அகல லென்ஸை மாட்டி வயல் முழுவதையும் பார்த்தேன். எட்டில் இரண்டு பேர் எப்போதும் குறைந்தார்கள். அவர்கள் திரும்பினால் வேறு இரண்டு பேர் காணாமல் போனார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். சனிக்கிழமை வரப்பில் நின்று, போனை அந்த அக்கா முகத்துக்கு நேரே காட்டி, அரை மணிக்கு அரை மணி இரண்டு பேர் எங்கே போகிறார்கள், ஊர் சுற்றவா வந்தீர்கள் என்று கத்தினேன். அத்தனை பேர் எதிரில்.

அவர் கையிலிருந்த களையைக் கரையில் போட்டார். என் அம்மா வயது இருக்கும் அவருக்கு.

"அந்தப் பொதராண்டதான் பாப்பா நாங்க ஒதுங்குவோம். நீ அங்க கண்ணு வெச்சிட்ட. இன்னா பண்றது? ரோட்டத் தாண்டி சவுக்குத் தோப்புக்குப் போயிட்டு வர்றோம். இதோ இவளுக்கு நீர்க்கடுப்பு. ரெண்டு நாளா வேலைக்கு வந்தா தண்ணியே குடிக்கறதில்ல."

நானும் பெண்தானே. மாதத்தில் மூன்று நாள் வயலுக்கே வராதவள். அங்கேயே ஏணி வைத்து ஏறிக் கேமராவைக் கழற்றினேன். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எடுத்தது?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து, சோறு கூடத் தின்னாமல், முதல் இரண்டு நாள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைப் படம் ஒன்றில் இருந்தது. ஒருத்தி துண்டை விரித்துப் பிடித்து மறைத்து நிற்கிறாள். தரையில் நிற்பவர்களுக்குத்தான் அது மறைப்பு. கூரையிலிருந்து துண்டுக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. மறைவில் உட்கார்ந்திருந்தவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், சேலைக்கு மேல் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எனக்குத் தெரியும். அந்த அக்காதான்.

நான் அனுப்பிய வீடியோவிலும் அது இருந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். நானே பத்து முறை ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. ஆனால் நிறுத்திப் பார்த்தால் தெரியும். என்னிடமிருந்த படங்களையெல்லாம் அழித்தேன். குழுவில் இருந்தவர்களை வீடியோவை அழிக்கச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே வேறு யாருக்கோ அனுப்பிவிட்டதாகச் சிரிப்பு பொம்மை போட்டுப் பதில் எழுதினார்கள்.

ஞாயிறு முழுக்க, உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். திங்கட்கிழமை அவர் வயலில் இறங்கவில்லை. என் ஸ்கூட்டர் வரும்வரை வரப்பிலேயே நின்றிருந்தார்.

"பாத்தியா பாப்பா? எதுனா இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. திருத்த நேரம் இருந்தது, திருத்தவில்லை.

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். வயலைப் பார்த்து, "ஒண்ணும் இல்லியாம்டி, பாப்பாவே பாத்துட்டுச்சாம்" என்று குரல் கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்பளை யாராவது வைத்திருந்தால் பயந்திருப்பேன், உன்கிட்டே எனக்கு என்ன பயம் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.